பூசின மூலை

கிண்ணியாவில பொம்புளப் புள்ளைக்கு வீடு இல்லாம கலியாணம் இல்ல. வாப்பா மௌத்தானதால தங்கச்சி றுஷ்தாட சீதன வீடு என்ட தலையில. நான் வயரிங் வேலை செய்றவன். மூணு வருசமாக் கட்டுறன். கல்லு எழும்பி, கூரை பாதி ஏறி, அப்பிடியே நிக்குது.

றுஷ்தா யூடியூபில ஏ.எல். பரீட்சை எழுதுற புள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவ. "நானா, வீடியோ எடுக்க எனக்கு ஒரு மூலை மட்டும் செஞ்சு தாங்க" எண்டா. செஞ்சு குடுத்தன் பாருங்க! ரெண்டு சுவர், எட்டெட்டு அடி, அதுக்கு மட்டும் சாந்து பூசிப் பச்சைப் பெயின்ட். ஒரு புத்தக றாக்கை. முன்னால ரெண்டு பல்ப், அதுக்கு மேல கேக் தட்டில விரிக்கிற ஒயில் பேப்பர். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க மீன் பெட்டிட வெள்ளை மூடி. மூணு தரம் கழுவியும் சூரை மணம் போகல்ல. வீடியோவில மணமா தெரியும்? கொழும்பு மாடி வீடு மாதிரி இருந்திச்சு.

மூதூரில பேசி வச்ச மாப்பிள்ளை முனீபிட உம்மாவும் அந்த வீடியோவப் பாத்திட்டா. "வீடு முடிஞ்சிட்டுப் போல தம்பி, அடுத்த மாசமே நிக்காஹ்வ வைப்பம்" எண்டு ஃபோன் எடுத்தா. இல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. என்ட கைவேலையில எனக்கே அவ்வளவு பெருமை.

"உண்மையச் சொல்லுங்க நானா, முழுப் பூசணிக்காயச் சோத்தில மறைக்க ஏலாது" எண்டு றுஷ்தா கத்தினா. முனீபை அவவுக்குப் பிடிச்சிருந்திச்சு, அந்தப் பயம். "நீ சும்மா இரு, அதுக்குள்ள முடிச்சிருவன்" எண்டன். எப்பிடி முடிக்கிற? அதை மட்டும் யோசிக்கல்ல, மடையன்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முனீபிட உம்மா, அந்த மாமி, வீடு பாக்க வந்தா. வெளிப்பூச்சு பிந்தித்தான் எண்டு சமாளிச்சு, முன்வாசலால நேரா அந்த மூலைக்குக் கூட்டி வந்தன். மத்தப் பக்கமெல்லாம் திரைச்சீலை. லைட்டைப் போட்டுக் கதிரையில இருத்தினன். "மாஷா அல்லாஹ், ஃபோனில பாத்ததை விட வடிவு" எண்டா. தேத்தண்ணி குடிச்ச கையோட, "குசினியையும் பாப்பமே" எண்டு எழும்பித் திரைச்சீலைய விலக்கினா. பூசாத கல்லு. சாரமரம். குசினி இருக்க வேண்டிய இடத்தில வானம்.

மாமி ஏசல்ல. ஏசியிருந்தாத் தேவல. "வீடு முடியாதது குத்தமில்ல தம்பி. முடிஞ்ச மாதிரிக் காட்டினீங்க பாருங்க..." மிச்சத்தைச் சொல்லாமலே செருப்பைப் போட்டா. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தியே கலியாணப் புரோக்கர் அலியார் ஃபோன் எடுத்தார். அவங்க வேற இடம் பாக்கிறாங்களாம்.

றுஷ்தாவுக்கு அண்டைக்கு ஏழு மணிக்கு நேரடி வகுப்பு. "லைட்டைப் போடுங்க, புள்ளைகள் காத்திருக்காங்க" எண்டா, அவ்வளவுதான். போட்டன். ஃபோனைச் சரிபாத்தன். திரையில அவட சிரிச்ச முகம், பளிச்செண்டு இருந்திச்சு. தலையத் தூக்கி நேரே அவவப் பாத்தன். அழுதழுது கண் ரெண்டும் வீங்கிச் சிவந்து கிடந்திச்சு. திரும்பவும் திரையப் பாத்தன். அழுத அடையாளம் ஒண்டுமே தெரியல்ல. யா அல்லாஹ், அவ்வளவு நல்லா லைட் அடிச்சிருக்கன்.