ஞானாதிக்கம் ஓட்டிய ஏர்

மடத்துச் சாமியார்கள் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிய அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நாற்பது வருடமாக வரப்பில்கூடக் கால் வைக்காதவர்கள், குத்தகைதாரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்த மறு ஆடியில் ஏர் பிடிக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் வராது?

அகரக்கட்டளையில் மடத்து நிலம் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், என் அப்பா காலத்திலிருந்து எங்கள் குத்தகையில் இருந்தது. கையில் எழுத்து ஒன்றும் கிடையாது. தன் உடம்பாலோ தன் வீட்டார் உடம்பாலோ பாடுபட்டுச் சாகுபடி செய்கிறவன்தான் குத்தகைதாரன் என்றது புதுச் சட்டம். பதிவாகிவிட்டால் இந்தத் தங்கையனை எவனும் அசைக்க முடியாது. பதிவாகாவிட்டால் தங்கையன் மறுநாள் காலையில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொருத்தன் வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

வெண்மணி எரிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நன்னிலம் தாலுகாவில் யாரும் யாரையும் நம்பாத காலம். பக்கத்து ஊர் மிராசுதார் இராஜாங்கம், பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டி, கலப்பையைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார். தானே உழுகிறாராம். மாட்டுக்கே அவரைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்தப் போட்டோவைக் காட்டி நாலு குடும்பத்தை வெளியே தள்ளிவிட்டார். அதைப் பார்த்தவன் சாமியார்கள் ஏர் பிடிப்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள முடியுமா?

அவர்கள் சபை ஆயிரத்து நானூறு வருடப் பழசு. இத்தாலியில் பெனடிக்ட் என்ற துறவி எழுதிவைத்த ஒழுங்கை இன்றைக்கும் நடத்துகிறார்கள். காரைக்காலில் கப்பல் வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுக்காரர் சாகும்போது எழுதிவைத்த இரண்டு வேலி, அதாவது பதிமூன்று ஏக்கர், நிலத்தை நம்பி, பெல்ஜியத்திலிருந்து ஆறு பேர் வந்து கட்டிய மடம் அது. நாளுக்கு ஏழு தடவை மணி அடிக்கும், ஏழு தடவையும் ஜெபம். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் புத்தகம் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட விரலால் ஜாடைதான். வாயே திறக்காதவன் மனசில் என்ன ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கழகத்துக்காரன், கறுப்புச் சட்டைக் கூட்டத்தில் வளர்ந்தவன். ஐயர் சாமியும் ஒன்றுதான், அங்கிச் சாமியும் ஒன்றுதான் எனக்கு. நெல் அளக்கப் போவதைத் தவிர அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துப் போனபிறகு மடத்துத் தலைவராக வந்தவர் ஜெக்கரியா சாமியார். ஊரில் எல்லாரும் அவரைச் சாமி என்பார்கள். நான் ஐயா என்பேன். ரோமாபுரியில் சங்கம் கூடி, ஒவ்வொரு சபையும் தன் ஆதி ஒழுங்குக்குத் திரும்பச் சொல்லிவிட்டதாம். மடத்தில் லத்தீன் போய்த் தமிழ் வந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், தமிழ் எங்கே நுழைந்தாலும் நல்லது. கூடவே, தங்கள் கையால் உழைத்துப் பிழைக்கும்போதுதான் உண்மையான துறவிகள் என்று அந்தப் பழைய ஒழுங்கில் இருக்கிறது என்று சொல்லி, மடத்துப் பண்ணை நிலத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக இருந்த வரி இந்த வருடம்தான் கண்ணில் பட்டதா என்று டீக்கடையில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். 

அவர்களில் உருப்படியாக ஏர் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். பிரதர் ஞானாதிக்கம். பூண்டிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். மாடு அவர் சொன்னபடி கேட்கும். மடத்தில் புத்தக அறையில் உட்கார வைத்திருந்தார்களாம், ஏர் என்றதும் முதல் ஆளாக ஓடி வந்தாராம். நன்றாக உழுகிறவனைக் கண்டுதான் நான் அதிகம் பயந்தேன். இராஜாங்கம் மாதிரி போட்டோவுக்கு நிற்பவனை ஒரு கேள்வியில் மடக்கிவிடலாம். இவரை எப்படி மடக்குவது?

அவர்களிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் எல்லாரும் கூடத்தில் உட்காருவார்கள். வைக்கோல் ஏற்றப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுந்து தன் குற்றத்தைத் தானே சொல்லி, தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். அடுத்தவர் எழுந்து அவர்மேல் குற்றம் சொன்னாலும் அப்படியே விழ வேண்டும், நான் செய்யவில்லை என்று எதிர்த்துப் பேசக் கூடாது. மடத்துக்கு விறகு பிளக்கும் ஐயாவு இதை விளக்கியபோது, "கோர்ட்டும் இப்படி இருந்தா வக்கீலெல்லாம் பட்டினிதான்" என்றேன்.

ஆவணியில் வாய்க்கால் வெட்டும்போது கடப்பாரை என் காலில் இறங்கியது. புண் சீழ் வைத்து, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தேன். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது, என் வயலில் முதல் உழவுகூட ஆகவில்லை. ஊரில் அவனவனுக்கு அவனவன் வயல். என் கட்சித் தோழன் முருகையன் ஏர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையில் மறந்துபோனான். பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் கையில் ஆரஞ்சுப் பழமும் வாயில் சேதியும் இருந்தது.

"அண்ணே, மடத்து ஆளு ஒங்க வயல்ல ஏர் ஓட்டுறாரு. ரெண்டு நாளா. கர்ணம் அடங்கலும் கையுமா வரப்புல நின்னு எழுதிக்கிட்டிருந்தாரு."

அடங்கல் என்பது எந்த வயலில் யார் என்ன பயிர் வைக்கிறார் என்று ஊர்க் கர்ணம் எழுதும் பதிவேடு. அதில் பெயர் ஏறினால் ஏறினதுதான். கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அப்போதே கிளம்பப் பார்த்தேன், நர்ஸ் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வியே அதுதான். என் மனைவி நீலாம்பாள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"யாரு அந்த ஆள வயல்ல விட்டது?"

"எனக்கு என்னாங்க தெரியும்? அவரா வந்து எறங்கினாரு."

"நீ தடுக்கலையா?"

"பொம்பள நான் என்னாத்தத் தடுக்கிறது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். கர்ணத்தைச் சந்தேகப்பட்டேன், ஜெக்கரியாவைச் சந்தேகப்பட்டேன், முருகையனைக்கூட ஒரு நாள் சந்தேகப்பட்டேன். அவளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

தை அறுப்பு முடிந்து, மாசியில் பதிவுத் தாசில்தார் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார். மரத்தடியில் பெண்கள், வராந்தாவில் ஆண்கள். மடத்திலிருந்து ஜெக்கரியா சாமியாரும் பிரதர் ஞானாதிக்கமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் தாசில்தார் அடங்கலைப் புரட்டினார்.

"இதுல மடம் சொந்தச் சாகுபடின்னு போட்டிருக்கே. இந்தச் சம்பாவுக்கு ஒழுதது யாருங்க?"

 நான் மேடையில் பேசிப் பழகியவன். ஆஸ்பத்திரிச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.

"நான் சீக்காக் கெடந்தப்ப, யாரும் கூப்பிடாம, இந்தா ஒக்காந்திருக்காரே இவரு, என் வயல்ல பூந்து ஏர் ஓட்டினாருங்க. நட்டது என் பொஞ்சாதி, எறச்சது அறுத்தது எல்லாம் நாங்க ரெண்டு பேரும். ரெண்டு நாள் உழவ வச்சு ஒம்பது மாவ அமுக்கப் பாத்தாங்க. அங்கி போட்டா திருட்டு திருட்டு இல்லைன்னு ஆயிடுமா?"

வராந்தாவில் கை தட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

தாசில்தார் ஞானாதிக்கத்தைப் பார்த்தார். "என்னங்க பிரதர், ஒங்கள யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

ஞானாதிக்கம் எழுந்தார். மரத்தடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான் அப்போது அதைக் கவனித்தேன், ஆனால் அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில், அத்தனை பேருக்கு நடுவில், குப்புற விழுந்தார்.

"என் பிழை" என்றார். 

தாசில்தார் பதறிப்போய் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜெக்கரியா சாமியாரிடம், ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். அவர் தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றார். மடத்து ஆள் அத்துமீறி நுழைந்ததை ஒப்புக்கொண்டதால், தங்கையனே குத்தகைதாரர் என்று உத்தரவாயிற்று. முருகையன் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

ஊரெல்லாம் சேதி பரவிய பிறகு வீட்டுக்குப் போனேன். நீலாம்பாள் உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாங்க கூப்பிட்டேன்" என்றாள்.

"யாரை?"

"பிரதர. நாத்து முத்திப்போச்சு. முருகையன் தம்பி வரல. மடத்து வாசல்ல போயி நின்னு, என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடக்காரு, ரெண்டு சால் ஓட்டிக் குடுங்கன்னு கேட்டேன். நீங்க வந்து கத்தினதும் பயந்துபோயி மாத்திச் சொல்லிட்டேன். இன்னைக்கு அவரு என்னப் பாத்தாருங்க. நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன்."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். எனக்குப் பயந்து பொய் சொன்னவளை நான் என்னவென்று திட்டுவது? வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த வெட்கத்துக்கு நடுவிலும் உத்தரவுக் காகிதம் சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுவாரம் மடத்துக்குப் போனேன். பார்வையாளர் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு சிலுவை. ஜெக்கரியா சாமியார் வந்தார். அவர்களுக்குத் தவக்காலம், ஒருவேளைச் சாப்பாட்டில் முகம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒக்காருங்க தங்கையன்."

"பிரதரப் பாக்கணுங்க ஐயா."

"அவரு இங்க இல்ல. சர்க்கார் உத்தரவுல அத்துமீறி நொழஞ்சாருன்னு இருக்குல்ல, மேலிடத்துல இங்க வச்சிருக்க வேணாம்னுட்டாங்க. மைசூர்ப் பக்கம் மலையில ஒரு மடம். வயல் கெடையாது. புஸ்தகத்துக்கு அட்டை ஒட்டுற வேல."

"என் வீட்டுல கூப்பிட்டுத்தான் வந்தாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் வந்தாரு."

"அப்ப ஏங்க ஐயா அன்னிக்குச் சொல்லல?"

அவர் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா ஒழுதது மடத்து ஆளுன்னு நெலச்சிருக்கும். அடங்கல்லயும் அப்படித்தான இருந்திச்சு? ஒங்களுக்குப் பதிவு கெடச்சிருக்குமா? ஒரு பொம்பளைய அவ புருசனுக்கு எதிரா சபையில நிறுத்தவும் அவருக்கு மனசில்ல. எங்க வழக்கப்படி அவரு விழுந்துட்டாரு. நானும் பேசாம இருந்துட்டேன்."

நான் எழுந்துவிட்டேன். அவர் தயங்கி, "ஒரு உபகாரம்" என்றார். "கூப்பிட்டுத்தான் வந்தாருன்னு ரெண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தாசில்தாருக்கு இல்ல, எங்க மேலிடத்துக்கு. அவரத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேப்பேன். ஏர் புடிக்கணும்னு ரொம்ப ஆசப்பட்ட பிள்ள."

எழுதிக் கொடுக்கத்தான் மனசு வந்தது. பேனாவைக்கூடத் தொட்டேன். அப்புறம் கணக்குப் போட்டேன். உத்தரவுமேல் அப்பீல் போக முப்பது நாள் இருக்கிறது. அதில் எட்டு நாள்தான் போயிருக்கிறது. முப்பது நாளுக்குள் என் கையெழுத்து எதற்கு இவருக்கு? ஆர்.டி.ஓ. முன்னால் இந்தக் காகிதத்தை நீட்டினால் என் கதி என்ன? இவ்வளவு நல்லவர்களும் உலகத்தில் உண்டா? இருந்தால் அதுவும் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தானே?

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று வந்துவிட்டேன்.

நீலாம்பாளிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்துடுங்க" என்றாள். "முப்பது நாள் போவட்டும்" என்றேன். நாள்காட்டியில் நாளைக் கிழித்துக்கொண்டே இருந்தேன். தினம் ஒரு தடவை நன்னிலத்துக்கு ஆள் விட்டு, மடத்திலிருந்து அப்பீல் ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரித்தேன். வரவில்லை. முப்பதாம் நாள் சாயங்காலம் ஆபீஸ் மூடும் வரை நானே போய் வாசலில் நின்றேன். மடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் எழுதியிருக்கலாம். அதற்கப்புறம் என் நிலத்துக்கு ஒரு பயமும் இல்லை. ஆனால் எழுதினால் பிரதர் திரும்பி வருவார், பள்ளிக்கூடத்தில் நான் பேசியது பொய்யென்று ஊருக்குத் தெரியும், கை தட்டியவர்களுக்குத் தெரியும், முருகையனுக்குத் தெரியும். அடுத்த வாரம் எழுதலாம் என்று வைத்தேன். அடுத்த வாரம் வாய்க்கால் வேலை வந்தது. ஆடியில் தண்ணீர் வந்தது, என் பெயரில் இருந்த வயலில் நானே ஏர் ஓட்டினேன்.

நீலாம்பாள் இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த ஒன்பது மாவிலும் இறங்கவில்லை. நடவுக்குக் கூலிக்கு ஆள் வைத்தேன்.