எலிமேல் போட்ட பழி

மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. எல்லாம் எலியால்தான். பக்கத்து வீட்டு ஜெயசீலி தோல் துண்டு மூட்டைகளை அடுக்கி எலி வளர்க்கிறாள் என்று தெருவே கேட்கச் சண்டை போட்டிருந்தேன். கால்நடைக் கல்லூரி ஆய்வுக்காக எலிக் கழிவும் எங்கள் ஆட்டுக்குட்டியின் புழுக்கையும் எடுத்துப்போன மாணவி ஃபீபி இன்று காலை முடிவோடு வந்தாள். நான் வேலைக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ் வரும் நேரம்.

"சீக்கிரம் சொல்லும்மா. எலிதான?"

"எலில ஒண்ணும் இல்லக்கா. உங்க ஆட்டுக்குட்டிக்குத்தான் குடல்ல கிருமி இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அதோட கழிச்சல்ல வந்து, நம்ம கை வழியா வாய்க்குப் போய்டும்."

"இன்னா பேசற நீ? தாயில்லாத குட்டி. என் புள்ள மாதிரி பாத்துக்கறேன்."

கோபத்திலும் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மடியில் கிடந்த குட்டியின் பின்பக்கத்தைத் துடைத்தேன். பாலில் விரலை நனைத்து அதற்குச் சப்பக் கொடுத்தேன். விரலைப் புடவையில் துடைத்துவிட்டு, தினமும் போல மகளுக்கு இட்லியைப் பிட்டேன்.

ஃபீபி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. மகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.