ஆணி அடிக்காத சுவர்

கதவுக்குப் பின்னால் இருந்த சுவிட்சை அவள் கை தானாகவே போய்த் தட்டிவிட்டது. விளக்கு எரியவில்லை; வீட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருஷமாயிற்று. ஆனால் கணவன் திரும்பிப் பார்த்தான். விலைக்கு வந்த வீட்டைப் பார்க்க முதல் தடவை வருகிறவளுக்குச் சுவிட்ச் இருக்கும் இடம் எப்படித் தெரியும்?

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். தையல் மெஷின் முன்னால் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தே பழகிய வாய் அது.

கூரையில் காரை உதிர்ந்து கம்பிகள் பல்லிளித்தன. கூட வந்த மேஸ்திரி பூச்சுக் கரண்டிக் காம்பால் ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"இந்தக் குறுக்குச் சுவர எடுத்துட்டா ஹால் ஓகோன்னு ஆயிடும். கிரிக்கெட்டே ஆடலாம்," என்றான் கணவன்.

"மொதல்ல வீட்ட வாங்குங்க சார். டீம அப்புறம் சேக்கலாம்," என்றார் மேஸ்திரி.

அவள் போய் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஈரம் ரவிக்கைக்குள் இறங்கியது. அப்போதும் இப்படித்தான் சில்லென்று இருக்கும்.

அவளுடைய ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை இந்த அறையில்தான் குடியிருந்தார்கள். வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பா ஆசை ஆசையாக வாங்கி வந்த கண்ணாடியை மாட்ட இடமில்லை. தினமும் காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, இவள் இந்தச் சுவரோரம் நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளுக்கு அம்மாவின் முகம் தெரியாது. ஏறி இறங்கும் முழங்கை தெரியும். சீப்பின் சத்தம் கேட்கும். கை கொஞ்சம் நடுங்கினாலும், "ஆணி ஆடுது பாரு!" என்று அப்பா சிரிப்பார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்பா இறந்துபோனார். அதன்பின் குடிபோன அத்தனை வாடகை வீடுகளிலும் கண்ணாடி தரையிலேயே சாய்ந்து நின்றது. முதுகு வளைந்துபோன அம்மா இன்றும் குனிந்துதான் அதில் தலை வாருகிறாள்.

"இங்க வந்திருக்கியா நீ?" கணவன் மெல்லக் கேட்டான்.

"குடியிருந்தோம்."

"அட, சொல்லவே இல்ல?"

"சொன்னா, அதுக்காகவே நீங்க வீட்ட வாங்கச் சரின்னுடுவீங்க." சுவரை உள்ளங்கையால் தடவினாள். கண்ணாடிக் கதை முழுவதையும் சொன்னாள். "இது மட்டும் இருக்கட்டுங்க."

அவனும் சுவரைத் தொட்டுப் பார்த்தான். "அத்தை உன்ன ஆணின்னு கூப்பிடுறது... நீ ஒல்லியா இருந்ததாலன்னுல்ல நெனச்சேன்? இப்போ கடப்பாரைன்னு மாத்தச் சொல்லி எத்தன நாள் கிண்டல் பண்ணியிருக்கேன்!"

"பண்ணீங்க."

மேஸ்திரி சுவரைத் தட்டி உதட்டைப் பிதுக்கினார். "ஊறிப்போயிருக்கும்மா. ஒரு ஆணி அடிச்சுப் பாப்போம். நின்னா வச்சுக்கலாம். உதிர்ந்தா இடிக்கிறதத் தவிர வழியில்ல."

"நானே அடிக்கிறேன்," என்றாள்.

"அத்தை முகம் எந்த உயரத்துல வரும்?" கணவன் கேட்டான். அவள் தன் தோளுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். அவன் அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான்.

சுத்தியலை ஓங்கியவள் ஒரு கணம் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தடுக்க எந்த வீட்டுக்காரரும் வரவில்லை. முதல் அடிக்குக் காரை பொலபொலவென்று பாதத்தில் கொட்டியது. இரண்டாவது அடிக்கு இன்னும் கொஞ்சம். மேஸ்திரி காதைச் சாய்த்தார். ஆணியைப் பிடித்த விரல்கள் ஆடிவிடாமல் இருக்க, அவள் அந்த நாட்களில் கண்ணாடியைப் பிடிக்கும்போது செய்தது போலவே மூச்சை அடக்கிக்கொண்டு, சுத்தியலை மறுபடி ஓங்கினாள்.