வளையத்தின் மேல் குனியாதே

காற்றுக் குழாயை வால்விலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் நான்கடி பின்னால் போனாள். "தம்பி, அந்தச் சக்கரத்தை விட்டு எந்திரி."

அவளுடைய கொழுந்தன் நெட்டை எழுந்திருக்கவில்லை. தரையில் படுக்கவைத்த லாரிச் சக்கரத்தின் மேல் ஆறடி உடம்பையும் மடித்துக் குனிந்திருந்தான். கையில் சுத்தியல்.

டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடாமல் பிடித்து வைப்பது ஓர் இரும்பு வளையம். அது பள்ளத்தில் முழுசாக உட்கார வேண்டும். இதுவோ ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. காற்றை மொத்தமாக இறக்கிவிட்டுத்தான் அதில் கை வைக்கலாம். அவசரக்காரர்கள் காற்று ஏற ஏறத் தட்டுவார்கள். பல நாள் உட்கார்ந்து கொடுக்கும். ஒரு நாள் கூரைக்குப் பறக்கும். குறுக்கே யார் தலை இருக்கிறது என்று விசாரிக்காது.

"நாப்பத்தஞ்சு பவுண்டுதான் அண்ணி ஏறியிருக்கு. இன்னும் ரெண்டே தட்டு. குழாயைக் குடுங்க."

அவள் கொடுக்கவில்லை.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பட்டறை முதலாளி வந்தார். லாரி இரண்டு மணி நேரமாக நிற்கிறதாம். டிரைவர் உயிரை எடுக்கிறானாம். சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்துக் காற்றடிக்கலாம் என்றாள் அவள். எது வெடித்தாலும் உள்ளேயே அடங்கிவிடும் கம்பிக் கூண்டு அது. போன வருஷ விபத்துக்குப் பிறகு வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து ஆயில் டப்பாக்கள்தான் அதற்குள் பத்திரமாக இருக்கின்றன. காலி பண்ண அரை மணி ஆகும் என்றார் முதலாளி. ஆகட்டும் என்றாள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

"நாளைக்கு வர்றதும் வராததும் நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னிக்கு இந்த டயர்ல காத்து ஏறாது."

மூன்று மெக்கானிக்குகளும் கையிலிருந்த ஸ்பானரை மறந்து பார்த்தார்கள்.

முதலாளி அவளை விட்டுவிட்டு நெட்டையிடம் திரும்பினார். புருஷனைப் பறிகொடுத்தவள், பயம் இருக்கத்தான் செய்யும் என்று இரக்கப்பட்டார். பிறகு பட்டறைக்கே மனப்பாடமான கதையைச் சொன்னார். நெட்டையின் அண்ணன் பொறுமை கெட்டவன்; யார் சொல்லியும் கேட்காமல் காற்று ஏறும்போதே வளையத்தைத் தட்டினான்; போய்ச் சேர்ந்தான். விசாரணைக்கு வந்த அதிகாரியும் இதைத்தான் எழுதிக்கொண்டு போனார்.

நெட்டை தலையாட்டினான். "அண்ணன் முரட்டு அடி அடிப்பான். நான் அளவு பார்த்துத் தட்டுறவன். பயப்படாதீங்க அண்ணி."

மறுபடி குனிந்தான். சுத்தியல் உயர்ந்தது.

கெஞ்சினால் கேட்கமாட்டான். அண்ணன் தப்பு செய்து செத்தான் என்று நம்பும்வரை, தனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நம்புவான். அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. 'வாயைத் திறந்தா ஜெயிலுக்குப் போறது நீதான்' என்று அன்றைக்குச் சொன்ன அதே கண்கள், வேண்டாம் என்றன.

"இத்தனை நாள் உங்களுக்குப் பயந்தேன் முதலாளி. இனிமே நீங்க பயப்படுங்க." குழாயைத் தரையில் வீசினாள். "தம்பி, உங்கண்ணன் அன்னிக்குச் சுத்தியலைத் தொடவே இல்ல."

சுத்தியல் பாதியில் நின்றது. நெட்டை நிமிர்ந்தான். சக்கரத்தை விட்டு எழுந்து, அவளை நோக்கி நடந்து வந்தான். ஓர் அடி, இரண்டடி, ஐந்தடி. இனி அந்த வளையம் பறந்தாலும் அவன் மேல் படாது. அவளுக்கு மூச்சு வந்தது.

"பின்ன யாரு அண்ணி?"

"காத்தை நிறுத்துன்னு கத்திக்கிட்டே உங்கண்ணன் என்னைத் தள்ளிவிட வந்தாரு. சீக்கிரம் சீக்கிரம்னு இந்த முதலாளி என் பின்னால நின்னு விரட்டினாரு. வளையத்தைத் தட்டினது நான்."