சீல் உடைக்காத டப்பா

"என்னங்க, இது சீலே உடைக்கலையே!"

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து நீட்டினாள் மனைவி. மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம் அப்படியே இருந்தது.

டாக்சிக்காரர் செய்தித்தாளை மடித்தார். முகத்தில் லேசான பெருமை.

"அதை ஊத்தலை."

"பின்னே தம்பி பைக்குக்கு எதை ஊத்தினீங்க?"

"என் காருக்கு வாங்கினதுல மிச்சம் இருந்துதே, அதை. உன் தம்பி வாங்கி வெச்சிருக்கிறது கூழ் மாதிரி இருக்கும். நம்மது முழு சிந்தெடிக். தண்ணி மாதிரி ஓடும். அவன் கிளம்பும்போது கவனிச்சியா, சத்தமே குறைஞ்சு போச்சு!"

டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பைக் ஓட்டும்போது தம்பி போனைத் தொடமாட்டான்.

"காரை எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

டாக்சிக்காரரும் மைத்துனனும் முகம் பார்த்துப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கீழே இவர்கள் குடும்பம், மாடியில் அவன். பேக்கரியிலிருந்து கடைகளுக்கு பைக்கில் பிரெட் கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை. தன் டாக்சி கம்பெனியிலேயே அவனைச் சேர்த்துவிடப் பார்த்தார் இவர். அவன் மாட்டேன் என்றான். சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு விருந்தில், "ரெண்டு சக்கரத்துல ரொட்டி சுமக்கிறவனுக்கு நாலு சக்கரத்தோட அருமை எங்கே தெரியப் போவுது" என்று இவர் வாய் நழுவியது. சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டார்கள். அவன் மறக்கவில்லை.

அன்றிலிருந்து எல்லாமே அக்கா வழியாகத்தான். "அக்கா, உங்க வீட்டுக்காரரைக் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு" என்பான், அந்த வீட்டுக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதே. "உன் தம்பிகிட்டே சொல்லு, தள்ளியாச்சுன்னு" என்பார் இவர். நடுவில் அவள் டெலிபோன் கம்பியாகிவிட்டாள்.

இன்று காலை பழைய எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தவனுக்கு பேக்கரியிலிருந்து அழைப்பு. வேன் படுத்துவிட்டதாம். மலைமேல் கடைகளுக்கான பெட்டிகளையும் அவனே ஏற்றிப் போக வேண்டுமாம். அடித்துப் பிடித்துக் குளிக்க ஓடியவன் படியிலிருந்தே கத்தினான்.

"அக்கா, புது எண்ணெய் அலமாரியில இருக்கு. உங்க வீட்டுக்காரரால முடிஞ்சா ஊத்தி வைக்கச் சொல்லு!"

இத்தனை மாதத்தில் அவன் கேட்ட முதல் உதவி. டாக்சிக்காரருக்கு உள்ளுக்குள் என்னவோ இளகியது. அவனுடைய டப்பாவை எடுத்துப் பார்த்தார். மட்டமாகத் தோன்றியது. திரும்ப வைத்துவிட்டுத் தன்னுடையதைத் திறந்தார். சொல்லிக் காட்டக் கூடாது, ஓட்டும்போது அவனுக்கே தெரியட்டும் என்று நினைத்தார்.

தெரிந்துதான் இருக்கும், இந்நேரம்.

கார் ஊரைத் தாண்டியது.

"தொண்டை கிழிய இதைத்தானே நான் தினமும் கடையில கத்தறேன்!" என்றாள். உதிரி பாகக் கடையில் கவுண்டர் அவள் பொறுப்பு. "கார்ல கிளட்ச் தனியா காஞ்சு கிடக்கும். இவன் பைக்ல அது எஞ்சின் எண்ணெயிலயே முங்கிக் கிடக்கு. உங்க எண்ணெயில வழவழப்புக்குன்னு மருந்து போட்டிருக்கான். எஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்தற கிளட்ச் தட்டுங்க ஒண்ணையொண்ணு எப்படிக் கவ்வும்? வழுக்கும்!"

"காலையில நல்லாத்தானே போனான்?"

"சமதரையில போகும். சூடேறி, சுமையும் ஏறி, ஏத்தம் வரட்டும். முறுக்கினா எஞ்சின் கத்தும், வண்டி நகராது. லாரியை முந்தும்போது அப்படி ஆனா?"

அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். ஸ்டீயரிங்கில் கை வியர்வையால் வழுக்கியது. மலைப்பாதையின் முதல் வளைவு வந்தது.

மறுபடி போன். மறுபடி மணி மட்டும்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள், பாதையைவிட்டுக் கண் எடுக்காமல். "வேணும்னே ஊத்தலையே?"

அவர் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளே இதைக் கேட்கிறாள். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன கேட்காது?

"ரோட்டைப் பாருங்க!"

பார்த்தார். அடுத்த வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றது. சுற்றிலும் கூட்டம். தார்ச்சாலை முழுக்க பிரெட் பொட்டலங்கள். அவற்றில் ஒன்றின் மேல் டயர் தடம்.

கார் நிற்பதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

பைக் ஓரப் பள்ளத்தில் தலைகுப்புறக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல், கிழிந்த கால்சட்டையும் ரத்தம் கசியும் முழங்காலுமாக அவன். உயிரோடு.

"நல்ல காலம், நான் பிரேக்கை மிதிச்சேன்!" எதிரே வந்த லாரியின் டிரைவர் இன்னும் படபடப்பு அடங்காமல் கத்திக்கொண்டிருந்தார். "முன்னால போன லாரியை முந்த வந்தான்யா. வண்டி மேடைப் பேச்சாளன் மாதிரி அப்படிக் கத்துது, ஒரு அடி நகரலை! பள்ளத்துல சாய்ச்சதால பொழச்சான்."

"கிளட்ச் வழுக்கிடுச்சுக்கா," என்றான் அவன். "போன மாசம்தான் புதுத் தட்டு போட்டேன். எப்படின்னே புரியலை."

அவள் டப்பாவைக் காட்டினாள். அவன் மூடியைப் பார்த்தான். வளையத்தைப் பார்த்தான். பிறகு அக்காவின் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்டே கேளு..."

"நான் கேக்க மாட்டேன்." அவள் நடுவிலிருந்து விலகி நின்றாள். "எதிர்லதான் நிக்கிறார். நீயே கேளு. நீங்க ரெண்டு பேரும் நேரா ஒரு வார்த்தை பேசியிருந்தா இது நடந்திருக்குமா?"

பள்ளத்தில் சூடான எஞ்சின் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன ஊத்தினீங்க, மாமா?"

"என் காருக்கு ஊத்தறதை. உசத்தின்னு நினைச்சேன்டா. சத்தியமா."

"ஒரு வார்த்தை என்கிட்டே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்தான்," என்றான்.

அவர் கை நீட்டினார். அவன் அதைப் பிடிக்காமல் கல்லில் கையூன்றி எழுந்தான். நொண்டி நொண்டிக் கார்வரை போனான். முன்கதவைத் திறந்து வைத்தார் அவர். அவன் பின்கதவைத் தானே திறந்து, சவாரி வந்தவனைப் போலப் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அவனைப் பார்த்தார் டாக்சிக்காரர். அவன் நம்பினானா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. பக்கத்தில் மனைவி, சீல் உடைக்காத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை யாரிடமும் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.