டார்கஸ் பாடாத பாட்டு

1
இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. ஹெப்சிபா அக்கா பசுமலையில் முப்பது வருஷம் சர்ச் பாடகர் குழுவை நடத்தியவர். போன தை மாதம் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. பாட முடியாதவளுக்கு சர்ச் எதற்கு என்று வீட்டோடு இருந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியவில்லை. முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய, குவேக்கர் என்ற வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன்.

2
அவள் பெயர் டார்கஸ். மழை ஓயாத ஓர் ஊரில் அவள்...

(வேண்டாம். நான் பார்த்த மழையெல்லாம் வைகைக் கரையில்தான்.)

மறுபடியும்: குவேக்கர்கள் கூடினால் பாட்டு கிடையாது. மனசுக்குள்ளே வெளிச்சம் அசையும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். டார்கஸ் சந்தையில் நின்று பிரசங்கித்ததற்காகச் சிறைக்குப் போனாள். அங்கே எழுதினாள்:

என் நாவைக் கட்டினார்கள்.
நீர் வந்து பக்கத்தில் அமர்ந்தீர்.
இருவரும் பேசவில்லை.
விடிந்துவிட்டது.

குவேக்கர்கள் உண்மை. சிறைகளும் உண்மை. டார்கஸும் அவள் பாட்டும் நான் டவுன் பஸ்ஸில் கட்டியவை.*

* மாட்டுத்தாவணி போகிற பஸ். யாரோ என் காலடியில் மல்லிகை மூட்டையை வைத்திருந்தார்கள். பாதித் தூக்கம். டார்கஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததாகவே இப்போதும் தோன்றுகிறது.

3
அக்கா வாரம் ஒரு டார்கஸ் பாட்டு கேட்டார், கட்டிக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு சர்ச்சுக்கே கிளம்பிவிட்டார். கடைசி பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

ஆர்மோனியம் வாசிக்கும் டோனி அண்ணன் என்னிடம் சொன்னார்: "அக்கா இருக்க பக்கம் பாத்தா எனக்கே வாசிக்க மனசு வரல, தங்கச்சி. அம்புட்டு அமைதி."

4
இன்று சாயங்காலம் அக்கா நோட்டில் எழுதி நீட்டினார்: 'ஞாயித்துக்கிழம சர்ச்ல டார்கஸப் பத்தி நான் சாட்சி சொல்லப்போறேன். நான் எழுதிக் குடுக்கறத டோனி படிப்பான். டார்கஸ் இருந்தது சத்தியம்தானே?'

தப்பிக்க ஒரு வழி இருந்தது. குவேக்கர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவர்களுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்று கோர்ட்டிலேயே மறுத்துச் சிறை போனவர்கள்.

"அவங்க சத்தியமே பண்ண மாட்டாங்கக்கா" என்றேன். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

அக்கா சிரித்தபடி எழுதினார்: 'அப்ப சத்தியம் வேணாம். ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல.'

5
முதல் முடிவு: 'ஆமா' என்கிறேன். ஞாயிறன்று சர்ச் முழுக்க, இல்லாத ஒருத்தியோடு சேர்ந்து மௌனமாக உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது: 'இல்ல' என்கிறேன். அக்கா நோட்டை மூடி...

(எழுத வரவில்லை. அவர் மறுபடி வீட்டோடு முடங்கினால் என்னால் தாங்க முடியாது.)

கதைக்குள் அக்கா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறந்துவிட்டேன். இனி உங்கள் பாடு. என்ன சொல்லட்டும்?