முன் இடது சக்கரத்துக்கு ஓர் அங்குலம்

போடியில் ஜீப்பை உயர்த்திக் கட்ட வேண்டுமானால், அந்த உயரத்தை நான்கு பேர் தங்கள் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டும். சக்கரத்துக்கு ஓர் ஆள். கொடுப்பவர் ஸ்பிரிங் பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். மெக்கானிக் போல்ட்டை முறுக்க முறுக்க வண்டி ஏறும், ஆள் இறங்குவார். அப்புறம் தையல்காரரிடம் போய்ப் பேண்டைக் குறைத்துக்கொள்வார். வேட்டி கட்டுகிறவர்களுக்கு அந்த வேலையும் இல்லை.

மொக்கச்சாமி தன் ஜீப்பை மூன்று அங்குலம் உயர்த்தினார். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பாதையின் நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. தாழ்ந்த வண்டி வயிற்றில் அடி வாங்காமல் அதைத் தாண்டாது. தோட்டத்துப் பெண்கள் பதினாறு பேரைத் தினமும் ஏற்றி இறக்கும் ஓட்டம் யாருக்கு என்பது திங்கட்கிழமை முடிவாகும். அது கிடைக்காவிட்டால் வண்டியைக் கைகழுவிவிட்டு, பழையபடி அவர் மூட்டை தூக்கப் போக வேண்டும். ஐம்பத்திரண்டு வயது முதுகு அதற்குச் சம்மதிக்காது.

தோட்டத்துச் சூப்பர்வைசர் வண்டி பார்க்கிற விதம் எல்லோருக்கும் தெரியும். பானட்டின் மேல் ஒரு டம்ளரை வைத்து, விளிம்பு தட்டத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு சொட்டு வழிந்தாலும் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து மெக்கானிக் இன்னாசி ஜாக்கியை இறக்கினான். ஜீப் முன் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. அளந்து பார்த்தான். மற்ற மூன்று மூலைகளைவிட அந்த மூலை ஓர் அங்குலம் தாழ்வு.

இரண்டு நாள் இன்னாசி அந்த வண்டியோடு மல்லுக்கட்டினான். நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தான். பட்டறைத் தரையின்மேல் சந்தேகப்பட்டு, சர்ச் முற்றத்துச் சிமெண்டுத் தளத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அங்கேயும் அதே சாய்வு. தூக்கி வைத்து முறுக்கினால் பட்டை உட்காராது என்பதால், எல்லா போல்ட்டையும் தளர்த்தி, சக்கரம் தரையில் பாரம் வாங்கி நிற்கும்போது மறுபடி முறுக்கினான். இடது பட்டையைக் கழற்றி வலதில் போட்டான், வலதை இடதில் போட்டான். பட்டையில் கோளாறு என்றால் சாய்வும் அதன் கூடவே வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. உயரம் சக்கரத்துக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது, பட்டைக்கு அல்ல.

பக்கத்தில் நின்று மொக்கச்சாமி வண்டியைத் திட்டினார், சர்ச் தரையைத் திட்டினார், இன்னாசியைத் திட்டினார். கடைசியில் விஷயம் பிடிபட்டுவிட்டது போல நிமிர்ந்தார்.

"அந்தப் பவுன்தாயி குறைச்சுக் குடுத்திருக்கா. அவ இருக்கிற உயரத்துக்கு, வாங்கும்போதே எனக்குத் தெரியும்."

"அவசரப்படாதீங்கண்ணே," என்ற இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு, நான்காவது தடவையாகக் காற்றுப் பார்க்கப் போனான்.

முன் இடது சக்கரத்துக்கு உயரம் கொடுத்தவள் சந்தையில் காய்கறி விற்கும் பவுன்தாய். அங்குலத்துக்கு ஒன்பது நடை அவளுடைய காய் மூட்டையை ஏற்றி வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். மொக்கச்சாமி இரண்டு தடவை கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, அதை இரண்டு நடைக்கு இறக்கியிருந்தார். அந்த வருத்தத்தில்தான் அவள் அளவில் கையை வைத்துவிட்டாள் என்று இப்போது அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

சந்தைக்குப் போய், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பவுன்தாய் ஒருவருக்குப் பாகற்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்து முடித்தாள். ஈரச் சாக்கை எடுத்துக் கூடையை மூடினாள். பட்டறையை நோக்கி முன்னால் நடந்தாள்.

பட்டறைச் சுவரை ஒட்டிப் பழைய டயர்கள் அடுக்கியிருந்தன. வியாழக்கிழமைதான் யாரோ அடுக்கியிருக்க வேண்டும். பவுன்தாய் அவற்றை ஒவ்வொன்றாக உருட்டி அப்பால் விட்டாள். பின்னால் சுண்ணாம்புக் கோடுகள் இருந்தன. கொடுப்பதற்கு முன் ஒரு கோடு, கொடுத்த பின் ஒரு கோடு. ஆளுக்கு இரண்டாக நான்கு பேருக்கு எட்டு.

மொக்கச்சாமி டேப்பை வைத்து அளந்தார். பவுன்தாய், மூன்று அங்குலம். நூல் பிசகவில்லை. லோடு ஏற்றும் சன்னாசி, நான்கு. டீக்கடை பீர்மைதீன், நான்கு. கடைசிக் கோடுகள் இன்னாசியுடையவை. பின் இடது சக்கரத்துக்கு ஆள் அமையாததால் அவனே நின்றிருந்தான். அதுவும் நான்கு.

"மூணு பேசுன, மூணு இருக்கு," என்றாள் பவுன்தாய். "இன்னொரு தடவ சந்தைக்குள்ள வந்து கத்துன, தராசுத் தட்டாலயே வைப்பேன்."

அவள் போன பிறகு மொக்கச்சாமி இன்னாசியைப் பார்த்தார். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கொசுறுண்ணே," என்றான்.

மூன்று பேரும் தனித்தனியே ஓர் அங்குலம் கூடப் போட்டிருந்தார்கள். சன்னாசியும் பீர்மைதீனும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவரவராக இன்னாசியிடம் சொல்லியும் இருந்தார்கள். இன்னாசி தன்னுடையதை யாரிடமும் சொல்லாமல், கோடுகள் தெரியாதபடி டயர்களை அடுக்கிவிட்டிருந்தான்.

காய் வாங்கினால் மல்லித்தழை, துணி வாங்கினால் கைக்குட்டை என்று மொக்கச்சாமி வாழ்நாள் முழுக்கக் கொசுறு கேட்டு, சண்டை போட்டு வாங்கியவர். கேட்காமல் ஒன்று வந்து விழுந்ததில்லை. வந்து விழுந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே கோபம் வந்தது. திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

சன்னாசி வாங்க மறுத்துவிட்டான். அவன் மனைவிக்கு வலி கண்டு ஜீப்பில் ஏற்றி வந்த அன்று, மலைப்பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. மொக்கச்சாமி இறங்கி அந்த மரத்தை அரை மணி நேரம் திட்டினார். அதற்குமேல் கேட்க முடியாமல் மரம் எழுந்து ஓரமாகப் போய் நின்றுகொண்டது. பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. சன்னாசி அதை மறக்கவில்லை, மொக்கச்சாமிதான் மறந்திருந்தார்.

பீர்மைதீனிடம் முக்கால் அங்குலமாவது திரும்ப எடுத்துக்கொள் என்றார். அவர் முடியாது என்றார். மொக்கச்சாமி அரை அங்குலத்துக்கு இறங்கினார். கால் என்றார்.

"பதினொரு வருசமா தினம் காலையில வந்து, இதெல்லாம் ஒரு டீயாடான்னு கேட்டீங்க," என்றார் பீர்மைதீன். "வேற எவனும் ஒரு வார்த்த சொல்லல, குடிச்சிட்டுப் போயிட்டானுக. இன்னிக்கு என் டீயக் குடிக்க மலைக்கு மேல இருந்து இறங்கி வாரானுக. ஒரு நூலுகூடத் திருப்பி வாங்க மாட்டேன். உக்காருங்க, டீயக் குடிச்சிட்டுத் திட்டுங்க."

இன்னாசியிடம் காரணம் கேட்டதற்கு, அது தன் வீட்டு விஷயம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரே நாளில் மூன்று பேரம் தோற்றது மொக்கச்சாமிக்குப் புதிது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி சந்தைக்குப் போனார். பவுன்தாய் அவரைப் பார்த்ததும் தராசைக் கையில் எடுத்தாள். அவர் கத்தவில்லை.

"ரேசன் அரிசியிலிருந்து கூலி வரைக்கும் எனக்கு எல்லாரும் குறைச்சுத்தான் அளந்திருக்காங்க," என்றார். "கத்தலேன்னா அதுவும் வராது. அப்படியே பழகிப்போச்சு. நான் உன்ன அந்த அடிமாட்டு வெலைக்குப் பேசியும் நீ ஒரு நூல் குறைக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன். நல்லா இருப்ப தாயி. நடை ஒன்பதாவே இருக்கட்டும்."

"பேசினது ரெண்டு," என்றாள் பவுன்தாய். "அதுக்கு மேல என் மூட்டைய வண்டியில ஏத்துன, நடு ரோட்டுல இறக்கிருவேன்."

சரி என்று திரும்பினார். பத்தடி போயிருப்பார். நில்லு என்று குரல் வந்தது. ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"பட்டறைக்கு நட. மிச்சத்த இங்க வச்சுக் குடுக்க முடியாது."

இன்னாசி ஒரே முறுக்கில் வேலையை முடித்தான். பவுன்தாய் சேலைக் கொசுவத்தை ஓர் அங்குலம் தூக்கிச் செருகிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனாள். மொக்கச்சாமி அவள் சந்தைக்குள் மறையும் வரை கையில் கறிவேப்பிலையோடு நின்றார்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் பானட்டின் மேல் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். விளிம்புக்கு மேலேயே தண்ணீர் புடைத்துக்கொண்டு நின்றது, வழியவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"மூணு அங்குலம்னுதான சொன்னீங்க?"

"மூணுதான் சார் பேசினேன்," என்றார் மொக்கச்சாமி.

பதினாறு பெண்களும் ஏறிக்கொண்டார்கள். பாறையை வண்டி தொடக்கூட இல்லை. ஏழாவது வளைவைத் தாண்டியதும் மொக்கச்சாமி பிரேக் போட்டார். எட்டாவது வளைவு இன்னும் வந்திருக்கவில்லை. பாதை அங்கேயே நின்றுபோய், அதற்கப்பால் வெறும் பனி இருந்தது. பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்தார்கள். திங்கட்கிழமை அது கொஞ்சம் பிந்தித்தான் வரும், ஒரு சத்தம் போடுங்க அண்ணே என்று ஒருத்தி சொன்னாள்.

மொக்கச்சாமி எஞ்சினை அணைத்தார். யாரோ நீட்டிய இட்லியை வாங்கிக்கொண்டார்.

"வரட்டும்," என்றார். "அதுக்கு வீட்டுல என்ன வேலையோ."

இட்லி தீரும்போது, பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு எட்டாவது வளைவு ஏறி வந்தது. அது முன்னால் போக வழிவிட்டு, மொக்கச்சாமி வண்டியை ஓரம் கட்டினார்.